வளைவு வீட்டின் மூலைக்கல்

நெவில் ஹோல்ராய்ட் நாற்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் இடித்தது ஒரே ஒரு வீட்டைத்தான். அந்த வீடு பிற்பாடு மியூசியம் ஆனதும், ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் அவரே அங்கே நின்று, இடிபட்ட இடத்தை வருகிறவர்களுக்குக் கைகாட்டி விளக்க வேண்டி வந்ததும் அவருடைய தலையெழுத்து.

யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் தார்ன்ஷா என்ற ஊரில், சாலை சட்டென்று திரும்பும் இடத்தில் நிற்கிறது அந்த வீடு. கரிப்புகை பிடித்துக் கறுத்த கல் வீடு. மாடியில் வரிசையாக எட்டு ஜன்னல்கள். தறி போட்டு நெய்தவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே. ஊரில் எல்லோரும் அதை வளைவு வீடு என்பார்கள். அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். வீட்டை ஒட்டிய சந்துக்குள் வண்டியைப் பின்பக்கமாக நுழைத்துத் திருப்பினால்தான் டவுனுக்குத் திரும்ப முடியும். டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று தகட்டில் கையால் தட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, பிப்ரவரி மாதம், பனி கொட்டிய ஒரு மத்தியானம். டிரைவர் நெவிலுக்கு இருபத்தைந்து வயது. கண்டக்டர் பிரெண்டா ஃபர்த்துக்கு இருபத்திரண்டு. பிரெண்டாவின் ஒரு கையில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட சூடான பலகாரம் இருந்தது. மறுகையால் தட்டினாள். நெவில் பின்னால் வந்தான். மடாரென்று ஒரு சத்தம். வீட்டின் மூலையில், ஆளின் மார்பு உயரத்தில், ஒரு பேக்கரி ரொட்டி அளவு கல் பெயர்ந்து பனியில் விழுந்தது.

"ரெண்டு தட்டு தட்டுனியே" என்றான் நெவில், இறங்கி ஓடி வந்து.

"ஒரு தட்டு" என்றாள் பிரெண்டா.

"ரெண்டு. என் காதால கேட்டேன்."

"காதால கேட்டவன் காலால பிரேக்கை மிதிச்சிருக்கணும்."

இந்தப் பேச்சு அன்றைக்கு ஆரம்பித்தது. ஐம்பது வருஷமாகியும் முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஏப்ரனோடு வந்தது ஆலிஸ் கிரீன்வுட். கம்பளி மில்லில் நெய்து வந்த துணியில் இழை விட்ட இடங்களை ஊசியால் சரிசெய்கிற வேலை அந்த அம்மாளுக்கு. பிழை எங்கே இருந்தாலும் கண்ணில் படும். மூலையைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், கடைசியாக இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

"இல்லைங்கம்மா."

"அப்ப உள்ள வாங்க. ரெண்டும் மாவு கணக்கா வெளுத்துக் கிடக்குதுங்க. டீ போடறேன். படியைத் தாண்டி வா கண்ணு, இப்பத்தான் தேய்ச்சு வச்சேன்."

பனி கொட்டுகிற நாளிலும் வாசற்படியைக் கல்லால் தேய்த்து வெளுப்பாக்குகிற இனம் அந்த ஊர்ப் பெண்கள். நெவில் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கம்பெனியில் சொல்லிவிடுகிறேன், ஆள் அனுப்பிச் சரிசெய்வார்கள் என்றான்.

"அனுப்புவாங்க. தொப்பி வச்ச நாலு பேர் வந்து அளவெடுக்கறேன்னு என் படியை மிதிப்பாங்க. உன்னையும் வீட்டுக்கு அனுப்புவாங்க. ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழமை வந்து நீயே ஒட்டி வை."

பஸ்ஸில் விழுந்த நசுங்கலுக்கு டெப்போ வாசல் தூணின்மேல் பழி போட்டான் நெவில். அந்தத் தூணுக்கு ஏற்கெனவே நல்ல பெயர் கிடையாது. யாரும் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட்டும் கரண்டியுமாகப் போனான். இவன் ஒழுங்காகச் செய்கிறானா என்று பார்க்க பிரெண்டாவும் போனாள். அவன் கலக்கிய கலவையைக் கிரீன்வுட் அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால சிமெண்ட்டு கலக்கியிருக்கியா கண்ணு?"

"இல்லைங்கம்மா."

"பார்த்தாலே தெரியுது. விட்டுடு. ஒத்தைக் கல்லு போனா வீடு விழுந்துடாது. அதை எடுத்துட்டு வா, பின்கட்டுக் கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருக்கு."

அன்றிலிருந்து அந்தக் கல் கதவுக்கு அண்டக்கொடுக்கிற கல் ஆயிற்று. அதற்கப்புறம் எட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரு காரணமும் இல்லாமல் அங்கே போய் டீ குடித்தார்கள். ஜூன் மாதம் கல்யாணம். நீலத் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்த கிரீன்வுட் அம்மாள், பெண் வீட்டுப் பக்கம் உட்காருவதா மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்காருவதா என்று தெரியாமல் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள்.

தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்து அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள். கனடாவிலிருந்த அண்ணன் மகன் வீட்டை ஊர்ச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். சங்கத்தின் தலைவி ஹிலரி பிராட்பெண்ட். ஊரில் பாதிப் பேருக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர் என்பதால், அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர்கள்கூட அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ் வீட்டைச் சுத்தம் செய்து, மாடியில் ஒரு தறியும் கீழே ஒரு ராட்டையும் வைத்து, தொட்டது எல்லாவற்றுக்கும் அட்டை எழுதி மாட்டினார். சனிக்கிழமை பதினொன்றிலிருந்து நான்கு வரை திறப்பார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. பிஸ்கட் உண்டு.

நெவில் ஓய்வு பெற்ற ஏழாம் நாள் பிரெண்டா சொன்னாள்: "நான் எங்க திரும்பினாலும் நீ நிக்கற. எங்கயாச்சும் போய்ச் சேவை செய்."

தோட்டச் சங்கம் இருந்தது. பித்தளை வாத்தியக் குழுவுக்கு நாற்காலி போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நெவில் நேராக வளைவு வீட்டுக்குத்தான் போனார். குற்றம் செய்தவன் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவான் என்று பிரெண்டா சொல்லிக் காட்டினாள்.

முதல் நாள் மிஸ் அவரை வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வெளியே மூலைக்கு வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"இதுதான் நம்ம வீட்டோட பெருமை, நெவில். ஆயிரத்து எண்ணூத்திப் பதினொண்ணு. மான்செஸ்டருக்குப் போன நாலு குதிரைக் கோச் வண்டி இந்த வளைவுல கவிழ்ந்துச்சு. பழைய பத்திரிகையில நானே கண்டுபிடிச்சேன். வண்டி சாயறப்ப கூரைமேல இருந்த இரும்புக் கம்பி இடிச்சுப் பெயர்த்த இடம் இது. உயரத்தைப் பாருங்க, சரியா பொருந்துது."

நெவில் உயரத்தைப் பார்த்தார். சரியாகத்தான் பொருந்தியது, பஸ்ஸின் பின்மூலைக்கு.

"மிஸ், அது வந்து…"

"ஆச்சரியமா இருக்குல்ல?" என்று மிஸ் உள்ளே போய்விட்டார்.

உள்ளே இன்னொன்று காத்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணிமேல், அந்தக் கல். அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'நெசவாளர் துணியை இழுத்துப் பிடிக்கப் பயன்படுத்திய எடைக்கல். பதினெட்டாம் நூற்றாண்டு.' வாராவாரம் கண்ணாடியைத் திறந்து அதைத் தூசி தட்டுவது நெவிலின் வேலைகளில் ஒன்று.

முதல் மாதம் சொல்லிவிடலாம் என்றிருந்தார். இரண்டாம் மாதம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்தது. மூன்றாம் மாதம் மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வண்டி வந்து இறங்கிவிட்டார்கள். கோச் கதையை நெவில்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

நன்றாகச் சொல்லிவிட்டார். அதுதான் வினை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். குதிரைகளுக்கு என்ன பெயர் என்று ஒரு சிறுமி கேட்டாள். தெரியாது என்று சொன்னால் முகம் வாடிவிடும்போல இருந்தது. கேப்டன், டாலி, பாக்ஸர், நெல் என்றார். அடுத்த வாரம், கூரைமேல் உட்கார்ந்திருந்த பாலாடைக்கட்டி வியாபாரி ஒருவர் சேர்ந்தார். அதற்கடுத்த வாரம் அவருடைய பாலாடைக்கட்டி உருண்டு ஆற்றில் விழுந்தது. ஏழு வருஷத்தில் அந்தக் கோச்சில் பதினோரு பேர் ஏறிவிட்டார்கள். எல்லோரையும் நெவில்தான் ஏற்றினார். பஸ் ஓட்டியபோதுகூட இவ்வளவு கூட்டத்தை ஏற்றினதில்லை என்றாள் பிரெண்டா.

மியூசியத்தின் பதினைந்தாம் ஆண்டு வந்தது. மூலையில் பதிக்க மிஸ் ஒரு வெண்கலப் பலகை செய்யச் சொல்லியிருந்தார். மே மாதம் மேயர் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. பலகை வந்து சேர்ந்த அன்று, சமையலறை மேசைமேல் வைத்து நெவிலைப் படிக்கச் சொன்னார். கோச், வருஷம், கவிழ்ந்தது, இடித்தது, எல்லாம் தடவிப் பார்க்கும்படி புடைத்த எழுத்துகளில் இருந்தன. கீழே 'கேப்டன், டாலி, பாக்ஸர், நெல் ஆகிய நான்கு குதிரைகளின் நினைவாக' என்று ஒரு வரி.

"நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றார் மிஸ். "எந்தப் பதிவேட்டுல பார்த்தீங்கன்னு கேக்கணும்னு இருந்தேன்."

நெவில் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அட்டையில எழுதினா கிழிச்சுடலாம். வெண்கலம் பிரெண்டா. நம்ம பேத்திக்குப் பேத்தி வந்து படிப்பா. சொல்லிடப் போறேன்."

"சொல்லு. ஆனா ஒழுங்கா சொல்லு. ஒரு தட்டுன்னு சொல்லு."

"ரெண்டு தட்டு."

"அப்ப சொல்லாதே. பலகையே நல்லா இருக்கு."

மூன்று நாள் யோசித்து, சனிக்கிழமை கோப்பைகளைக் கழுவும்போது மிஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். பனி, பஸ், இரண்டு தட்டு, டெப்போ தூண், எல்லாவற்றையும் சொன்னார். அண்டக்கொடுத்த கல்லைப் பற்றி மட்டும் வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தார்.

மிஸ் கழுவிய கோப்பை ஒன்றை எடுத்துத் துடைத்தார். பிறகு, "குதிரைங்க?" என்று கேட்டார்.

"அது… ஒரு பொண்ணு கேட்டா, மிஸ்."

"பஸ்ஸு இடிச்சது விபத்து நெவில். அதை நான் ஒண்ணும் சொல்லல. குதிரைக்குப் பேர் வச்சது விபத்து இல்லை."

வகுப்புக்கு வெளியே நிற்கச் சொன்ன பையனைப் போல நெவில் நின்றார். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று மிஸ் மரியாதையாகச் சொன்னார். அன்று சாயங்காலமே சுவரில் மாட்டியிருந்த முறைப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இரண்டு வாரம் நெவில் வீட்டிலேயே இருந்தார். ஜன்னல் ஓரம் நின்று போகிற பஸ்களைப் பார்த்தார். டிரைவர்கள் திரும்பும் விதம் சரியில்லை என்று குறை சொன்னார். அவர் பாதி ஆளாகிவிட்டதை பிரெண்டா கவனிக்காமல் இல்லை. ஆனால் அவளைக் கிளப்பிவிட்டது அது இல்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டாள்.

"மிஸ்கிட்ட எத்தனை தட்டுன்னு சொன்ன?"

நெவில் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு" என்றார்.

மறுநாள் காலை பிரெண்டா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பதினொன்றேகால் பஸ்ஸில் ஏறினாள். மியூசியத்தில் மிஸ் தனியாக உட்கார்ந்து, பழைய துண்டறிக்கைகளில் கோச் கதை வந்த பக்கத்தை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. பதினைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன கதை.

"மிஸ், நான் பிரெண்டா. நெவிலோட வீட்டுக்காரி. அன்னிக்குக் கண்டக்டர் நான்தான்."

மிஸ் நிமிர்ந்தார். "அவருக்காகப் பேச வந்தீங்களா?"

"அவருக்காகவா? நான் ஒரு தட்டுதான் தட்டினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். அவர் வாயால ரெண்டுன்னு கேட்டுட்டு நீங்க என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்களோ."

பிரெண்டா கையுறையைக் கழற்றியபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மியூசியம் ஆனபின் அவள் உள்ளே வந்ததே இல்லை. ராட்டை, மரப் பாத்திரங்கள், மெழுகுவத்தி. கண்ணாடிப் பெட்டி அருகே வந்ததும் நின்றாள்.

"இதை ஏன் இதுக்குள்ள வச்சிருக்கீங்க?"

"அது நெசவாளரோட எடைக்கல்."

"இது பின்கட்டுக் கதவுக்கு அண்டக்கொடுத்த கல்லு, மிஸ். மூலையிலேர்ந்து பெயர்ந்தது. இதுல இடிச்சுத்தான் என் கால் பெருவிரல் நகம் போச்சு. நெவில் சொல்லலியா?"

மிஸ் கையிலிருந்த துண்டறிக்கையைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து பிரெண்டா கைக்குட்டையைத் தேடினாள். மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், மூச்சு முட்ட, வெகுநேரம்.

"ஏழு வருஷம்" என்றார் கடைசியில். "ஏழு வருஷம் அந்த மனுஷன் இதைத் தூசி தட்டியிருக்கார்."

"வீட்டுல ஒரு தட்டுகூடத் துடைச்சதில்லை" என்றாள் பிரெண்டா.

அதற்கப்புறம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, டெலிவிஷன்மேல் பச்சைக் கண்ணாடி மீன் ஒன்று எப்படி நின்றது, குதிரைப் பந்தயம் கேட்கும்போது கிரீன்வுட் அம்மாளை யாரும் பேச்சுக்கு இழுக்கக் கூடாது, மில்லில் ஊசி பிடித்துப் பிடித்து வலதுகை நடுவிரல் எப்படி வளைந்துவிட்டது, எல்லாவற்றையும் பிரெண்டா சொன்னாள். மிஸ்ஸுக்கு அந்த அம்மாளின் பெயர் பத்திரத்தில் பார்த்த பெயர்தான். அறுபது வருஷம் அதே வீட்டில் வாழ்ந்த ஒருத்தியைப் பற்றி அங்கே ஒரு அட்டைகூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க. இந்தத் தடவை மெதுவா."

திங்கட்கிழமை மிஸ்ஸே நெவில் வீட்டுக்கு வந்தார். நெவில் எழுந்து நின்றார்.

"உக்காருங்க நெவில். வாக்குமூலம் எடுக்க வந்திருக்கேன். பிரெண்டா, நீங்க கொஞ்சம் அந்த ரூமுக்குப் போங்க. சாட்சிங்களைத் தனித்தனியாத்தான் விசாரிக்கணும்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஒரு தட்டு" என்று குரல் வந்தது.

மே மாதம் மேயர் வந்தார். திறந்து வைக்க வெண்கலப் பலகை இல்லை. கீழ் அறையிலிருந்த ராட்டை மாடிக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் எழுபத்து நான்காம் வருஷத்துச் சமையலறை ஒன்று, ஊரார் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த சாமான்களோடு உட்கார்ந்திருந்தது. சுவரில் ஆலிஸ் கிரீன்வுட்டின் படம், நீலத் தொப்பியோடு. அது நெவில் கல்யாணத்தில் எடுத்தது. கல் அதே பெட்டியில், வெல்வெட் இல்லாமல். அட்டையில் ஓட்டுநர் சொன்னது, நடத்துனர் சொன்னது என்று இரண்டு பத்தி. மிஸ் தீர்ப்பு எழுதவில்லை. பக்கத்துப் பெட்டியில் அந்த வெண்கலப் பலகை. அதற்கும் ஓர் அட்டை உண்டு: 'நினைவுப் பலகை. இருபத்தோராம் நூற்றாண்டு. தவறு.' நெவில் அதன் முன்னால் நின்று இரண்டு முறை படித்தார். மிஸ் அதை எழுதும்போது எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று அவருக்குத் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

மேயர் கிளம்பிய பிறகு, ஹோரஸ் லம்ப் என்ற பழைய டிரைவரை அவருடைய மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றொரு வயது. நெவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மூத்தவர். வெளியே மூலைக்குத் தள்ளச் சொன்னார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கல்லில் விரல் வைத்துத் தடவினார்.

"இதுல ரெண்டு பேர் இடிச்ச தடம் இருக்கு" என்றார். "மேல இருக்கறது உன்னுது. கீழ, இந்த ஓரம், என்னுது. அறுபத்து மூணாம் வருஷப் பனியில."

"எல்லாம் என்னுதுதான்" என்றார் நெவில்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே இது வாய் பிளந்துதான்டா இருந்துச்சு. இல்லாட்டி நீ இடிச்ச இடிக்கு இவ்வளவு பெரிய கல்லு பெயருமா?"

நெவிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐம்பது வருஷம் ஒரே ஆளாகச் சுமந்த பாரத்தில் பாதியை ஒருவர் வந்து பிடுங்கிக்கொண்டால் லேசாகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு என்னவோ பொருளைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. சாட்சிக்கு பிரெண்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஹோரஸுக்கு இஞ்சிக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மிஸ் நோட்டைத் திறந்து பென்சிலைக் கூர் பார்த்தார். "உங்களோட கண்டக்டர் யாரு, மிஸ்டர் லம்ப்?"

"அவன் போய்ச் சேர்ந்துட்டான். நல்ல வேளை. நான் சொல்றதுதான் செல்லும்."

வாக்குமூலம் எழுதி முடிய நாலரை மணி ஆயிற்று. ஹோரஸை மகளின் கார் வரைக்கும் நெவில்தான் தள்ளிக்கொண்டு போனார். இறக்கம் என்பதால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து மெதுவாக இறக்கினார். பழைய வண்டிகளின் கியர் மலை ஏறும்போது எப்படி முரண்டு பிடிக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மகள் காத்திருந்தாள். இன்னும் இரண்டாவது கியரைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததால் அவர்கள் அவசரப்படவில்லை.